புள்ளி இல்லாத குதிகால்

நல்ல செய்தி சொன்ன வாய் என்பதால் அக்காவுக்குத் தம்பி வீட்டில் இப்போது தனி மரியாதை.

சில நாட்களுக்கு முன்பு வரை அது கிடையாது. தம்பியின் கல்யாணத்தில் தொடங்கிய மனஸ்தாபம், வருஷக்கணக்காக 'சௌக்கியமா', 'சௌக்கியம்' என்ற அளவில் உறைந்து கிடந்தது. இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துதான் அதை உடைத்தன. ஆஸ்பத்திரியில் கட்டில் பற்றாக்குறை. பிறந்த மறுநாள் காலையிலேயே தாயையும் பிள்ளைகளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தைராய்டு சோதனைக்காகக் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தத்தை அவ்வளவு சீக்கிரம் எடுத்தால் சரியான அளவு தெரியாது, இரண்டு நாள் கழித்துக் கொண்டுவாருங்கள் என்றார்கள். பச்சை உடம்புக்காரியை யார் மறுபடி இழுத்துக்கொண்டு போவது? "நான் வீட்டுக்கே வந்து எடுத்துக்கறேன்" என்றாள் அக்கா. ஊரில் பிறக்கும் குழந்தைகளின் ரத்தமெல்லாம் கடைசியில் வந்து சேரும் லேபில்தான் அவளுக்கு வேலை.

எடுத்தாள். அட்டையில் ரத்தப் பொட்டுகளைக் காயவைத்தாள். கையோடு கொண்டுபோய்ச் சேர்த்தாள். போன வாரம் போன் போட்டு, "ரெண்டு பேருக்கும் தைராய்டு நார்மல்" என்று சொன்னாள்.

மறுமுனையில் தம்பி மனைவி. மழலையர் பள்ளியில் டீச்சர். வீட்டிலும் அவளுக்கு டீச்சர் என்றே பெயர். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ரெண்டு பேருக்குமா?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும்தான்."

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணி."

கல்யாணத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் 'அண்ணி' அது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அக்கா இன்று லீவு போட்டுவிட்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். தம்பி லிப்ட் மெக்கானிக். அவன் குடியிருக்கும் கட்டிடத்தின் லிப்ட் மட்டும் வருஷத்தில் பாதி நாள் படுத்துக் கிடக்கும். ஊர் லிப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிறவன் தன் அக்காவைப் படியேற வைக்கிறான் என்று மனதுக்குள் திட்டியபடி வந்து மணியை அழுத்தப் போனாள். கதவு தானே திறந்தது.

"பெல் அடிக்காதீங்க அண்ணி. அவ தூங்குறா."

டீச்சர் ஒரு தோளில் குழந்தையோடு நின்றாள். தோளில் இருந்தது தூங்கவில்லை. முகம் சிவக்க, கால் இரண்டையும் உதைத்துக்கொண்டு, தெருமுனை வரை கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தது. இவள் மூத்தவள். வீட்டில் வைத்த பெயர் சைரன்.

"இவ கத்துறதுல எழுந்திருக்காதவளா என் பெல்லுக்கு எழுந்திருக்கப் போறா?" என்றாள் அக்கா.

"அதான் சமர்த்து."

அதுதான் இளையவளின் பெயரும். சமர்த்து. பக்கத்து வீடுகளில் எல்லாம் பாராட்டு. இப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்வீட்டுப் பெண்மணி சொல்லிவிட்டுப் போனாளாம். பச்சைக் குழந்தை வாயை மூடிக்கொண்டிருந்தால் பெரியவர்கள் உடனே அதற்கு ஒரு பட்டம் கொடுத்துவிடுகிறார்கள். அது ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று கேட்பதில்லை.

அக்கா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு தொட்டிலுக்குப் போனாள். குனிந்து இளையவளைத் தூக்கினாள்.

தூக்கியதும் ஏதோ இடறியது.

குழந்தை கனக்கவில்லை, இலேசாகவும் இல்லை. துவண்டது. கைகள் அக்காவின் மணிக்கட்டுக்கு இருபுறமும் விழுந்தன. அறை புழுக்கமாக இருந்தும் விரல்கள் சில்லென்றிருந்தன. சன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள். முகத்தில் மஞ்சள். கண்ணின் வெள்ளையிலும் மஞ்சள். திறந்த உதடுகளுக்கு இடையில் நாக்கு கொஞ்சம் தடித்து, வெளியே வரப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மஞ்சள் இன்னும் இறங்கலையே?"

"இளவெயில்ல காட்டச் சொன்னாங்க. காட்டிட்டுத்தான் இருக்கேன்."

"சைரனுக்கு?"

"அவளுக்கு எப்பவோ போயிடுச்சு."

"பால் குடிக்கிறாளா?"

"குடிப்பா. நாலு வாய் குடிச்சிட்டுத் தூங்கிடுவா. நான்தான் எழுப்பி எழுப்பிக் குடுக்கணும்."

"வெளிக்குப் போறாளா?"

டீச்சர் சைரனை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றினாள். "முந்தாநேத்து போனா. அதுக்கு முன்னாடி... ஞாபகம் இல்ல அண்ணி. ரெண்டு பேர் இருக்கிற வீட்ல யார் எப்போ போனாங்கன்னு யாருக்குத் தெரியுது?"

அக்கா குழந்தையின் கன்னத்தை விரலால் தட்டினாள். காது மடலை இலேசாக நிமிண்டினாள். சமர்த்து முகத்தைச் சுளித்தாள். பிறகு அழுதாள்.

அழுகை என்று சொல்ல முடியாது. தொண்டை கட்டிய பெரிய மனுஷி இருமுவதற்கு முன் கனைப்பாளே, அந்த மாதிரி ஒரு கரகரப்பு. இரண்டு தடவை வந்தது. நின்றுவிட்டது.

"அழவைக்காதீங்க அண்ணி." டீச்சரின் குரல் திடீரென்று கூர்மையானது. "தூங்குற குழந்தையை எதுக்கு நிமிண்டுறீங்க? குடுங்க இப்படி."

அக்கா கொடுக்கவில்லை. அவள் மனதுக்குள் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மனப்பாடம் செய்த பட்டியல். இறங்காத மஞ்சள். குளிர்ந்த கை. தடித்த நாக்கு. மலச்சிக்கல். கரகரத்த குரல். தூக்கம், தூக்கம், தூக்கம். கழுத்தில் இருக்கும் சுரப்பி சரியாக வேலை செய்யாத குழந்தையின் லட்சணங்கள் ஒன்றுவிடாமல் இந்தச் சின்ன உடம்பில் வந்து உட்கார்ந்திருந்தன.

ஆனால் இவளுக்கு நார்மல். சோதனையில் வந்த எண்ணை அக்காவே தன் கண்ணால் பார்த்தாள்.

பாதங்கள் சில்லென்றிருந்ததால் அவற்றை உள்ளங்கையில் பொத்திச் சூடு பறக்கத் தேய்த்தாள். பழக்கதோஷம். குத்துவதற்கு முன் எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான் தேய்ப்பாள். அப்போதுதான் ரத்தம் இறங்கும். தேய்த்த கட்டைவிரல் குதிகாலின் ஓரத்துக்குப் போனது. அவள் வழக்கமாகக் குத்தும் இடத்துக்கு.

வழவழவென்றிருந்தது.

காலைத் திருப்பிப் பார்த்தாள். மற்ற காலையும் பார்த்தாள். இரண்டு குதிகாலிலும் ஒன்றுமில்லை. தழும்பு இல்லை, உரிந்த தோல் இல்லை, கறுத்த புள்ளி இல்லை. பிறந்தபடியே இருந்தன.

"டீச்சர், சைரனை இங்க கொண்டா."

"ஏன்?"

"கொண்டான்னா கொண்டா."

சைரன் உதைத்தாள். அக்கா அவள் இடது காலைப் பிடித்தாள். குதிகாலின் வெளி ஓரத்தில் அரைக் கடுகு அளவில் ஒரு கறுத்த புள்ளி. ஆறிக்கொண்டிருந்தது. பிறகு வலது காலைப் பிடித்தாள்.

அதிலும் ஒன்று.

அக்காவுக்கு அன்றைய காலை அப்படியே திரும்பி வந்தது. முதலில் தம்பி மூத்தவளைக் கொண்டுவந்தான். துண்டை அரைகுறையாகச் சுற்றியிருந்தான். அவள் ஒரு உதை விட்டதில் அவிழ்ந்து தரையில் விழுந்தது. அக்கா குத்தினாள். வீடே அதிர்ந்தது. பொட்டு வைத்து முடித்ததும் தம்பி அவளை உள்ளே எடுத்துக்கொண்டு போனான். அக்கா கையுறையை மாற்றிக்கொண்டு, அடுத்த அட்டையை எடுத்து வைத்துக் காத்திருந்தாள். கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு இளையவள் வந்தாள். இந்தத் தடவை துண்டு பார்சல் கட்டியது போல இறுக்கமாக, ஒரு மடிப்புக் கலையாமல் இருந்தது. முகம் தம்பியின் முழங்கைப் பக்கம். வலது பாதம் மட்டும் வெளியே.

"பரவாயில்லையே, ஒரே நாள்ல கத்துக்கிட்டியே" என்று அவள் தம்பியைப் பாராட்டியும் இருந்தாள்.

குத்தினாள். அதே கத்தல். இரட்டைதானே, கத்தலும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். அவள் பார்த்தது ஒரு பாதத்தை. ஒரே ஒரு பாதத்தை.

லேபில் அவளுக்கு ரிட்டர்ன் அக்கா என்று பெயர். ரத்தம் போதாத அட்டை, பொட்டின் மேல் பொட்டு வைத்த அட்டை, ஈரம் காயாமல் உறைக்குள் போட்ட அட்டை, எது வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். கெஞ்சினாலும் ஏற்கமாட்டாள். ஊர் அட்டையையெல்லாம் திருப்பியவள், தன் வீட்டு அட்டையில் துண்டை விலக்கி முகத்தைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு ரெண்டாவதா என் மடியில வெச்சது யாரு?" என்று கேட்டாள்.

"என்ன அண்ணி கேள்வி இது?"

"ரெண்டு தடவையும் நான் சைரனைத்தான் குத்தியிருக்கேன். இவளை யாரும் தொடவே இல்ல. கால்ல புள்ளி இல்ல பாரு."

டீச்சர் பார்க்கவில்லை. சைரனின் முதுகைத் தட்டிக்கொண்டே, "உங்க தம்பிதானே தூக்கிட்டு வந்தாரு. நான் உள்ள படுத்திருந்தேன்" என்றாள்.

அக்கா தம்பிக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. லிப்ட் குழிக்குள் இறங்கிவிட்டால் அவனுக்கு உலகத்தோடு சம்பந்தம் அறுந்துவிடும். அவன் கம்பெனிக்குப் போட்டு, எந்தக் கட்டிடத்தில் இருந்தாலும் மேலே ஏறச் சொல்லி, நேராக ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்கா?" என்றாள் டீச்சர். "இப்போவா?"

"இப்போதான். பையை எடு."

"நீங்கதானே நார்மல்னு சொன்னீங்க."

"நான் சொன்னது சைரனுக்கு. சைரனுக்கே ரெண்டு தடவை சொல்லியிருக்கேன்."

"நாளைக்குக் காலையில போனா ஆகாதா? இவர் வரட்டும். இவளுக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. நல்லாத்தான் தூங்குறா."

அக்கா பையைத் தானே எடுத்துத் துணிகளைத் திணிக்க ஆரம்பித்தாள். "நீ டீச்சர். உனக்கு எப்படிச் சொன்னா புரியும்னு தெரியல, அதனால உடைச்சே சொல்றேன். இந்த வயசுல மூளை வளர்றதுக்கு அந்தச் சுரப்பி தர்ற சத்து வேணும். அது வராத ஒவ்வொரு நாளும் போனது போனதுதான். அப்புறம் கிலோ கணக்குல மாத்திரை குடுத்தாலும் அந்த நாள் திரும்பாது. பொறந்து ரெண்டு வாரம் ஆகப் போகுது. இதுல அரை நாளை நீ தூங்க வைக்கப் போறியா?"

டீச்சர் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

டாக்ஸியில் சைரன் வழிநெடுகக் கத்தினாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "ரெட்டையா? ஒண்ணு இடி, ஒண்ணு தங்கம். எங்க வீட்ல மூணுமே இடி."

"தங்கம்தான். கொஞ்சம் வேகமா ஓட்டுங்க" என்றாள் அக்கா.

ஒரு கையில் சமர்த்தை அணைத்துக்கொண்டு மறுகையால் லேபுக்குப் போன் போட்டாள். லேப் மேடம் எடுத்தார். மேடம் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அதற்கு அவசியம் வந்ததில்லை.

"மேடம், என் தம்பி குழந்தைங்க அட்டை ரெண்டும் ஒரே குழந்தையோட ரத்தம். இப்போதான் கண்டுபிடிச்சேன்."

"ரத்தம் எடுத்தவர்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான் மேடம்."

"குழந்தை எப்படி இருக்கு?"

அக்கா சொன்னாள். மஞ்சள், குரல், நாக்கு. மறுபக்கம் மேடம் மூச்சை இழுத்து விடுவது கேட்டது.

"சரி. அட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம், நரம்புல ரத்தம் எடுக்கச் சொல்லுங்க. நான் ஆஸ்பத்திரி லேபுக்குச் சொல்லி வரிசையில முன்னாடி போட வைக்கறேன். நாளைக்குக் காலையில முதல் வேலையா என் ரூமுக்கு வாங்க. குழந்தையை மாத்திக் குடுத்தது யாருன்னு எனக்குத் தெரியணும். குடும்பத்துக்குள்ள பேசி முடிச்சிட்டோம்னு வந்து நிக்கக் கூடாது."

"சரி மேடம்."

"வீட்டுக்குப் போய் எடுக்காதீங்கன்னு எத்தனை பேருக்கு நீங்களே பாடம் எடுத்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு மேடம் வைத்துவிட்டார். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

குழந்தைகள் பிரிவில் நர்ஸ் சமர்த்தின் புறங்கையில் நரம்பு தேடினாள். சில்லிட்டிருந்த கையில் அது லேசில் அகப்படவில்லை. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி, காத்திருந்து, மறுபடி தேடினாள். ஊசி இறங்கியபோது குழந்தை கனைத்தாள். ஒரே ஒரு தடவை. டீச்சர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு காதில் கையை வைத்துக்கொண்டதை அக்கா பார்த்தாள். சைரனின் காது கிழியும் கத்தலைத் தோளிலேயே சுமக்கிறவள், இந்தச் சின்னக் கனைப்புக்கா காதைப் பொத்துகிறாள் என்று தோன்றியது. அதைப் பற்றி யோசிக்க அப்போது நேரமில்லை.

எடுத்த ரத்தம் லேபுக்குப் போனது. அவர்கள் நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

அக்காவின் வேலையில் காத்திருப்பது எப்போதும் மறுபக்கத்து ஆட்கள்தான். சந்தேகமான எண் வந்தால் குழந்தையின் வீட்டுக்குப் போன் போட்டு மறுபடி கூட்டி வரச் சொல்வது அவள் பொறுப்பு. முதலில் வணக்கம் சொல்லுவார்கள். பிறகு குரல் இறங்கும். சிலர் அழுவார்கள், சிலர் அவளைத் திட்டுவார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலை ஒரே தொனியில் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தாள்: பயப்படாதீங்க, சீக்கிரம் வந்துடுங்க. இன்று அதைத் தனக்கே சொல்லிப் பார்த்தாள். ஒரு பைசாவுக்குப் பிரயோஜனமில்லை.

தம்பி வந்தான். வேலை உடுப்பு, முழங்கை வரை கிரீஸ் கறை, கையில் ஹெல்மெட். அக்கா எழுந்து அவனைத் தண்ணீர்க் குழாய் இருந்த மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"எதுக்குடா அப்படிப் பண்ணே?"

அவன் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. அதிலேயே பாதி தெரிந்துவிட்டது.

"நான்தான்கா. சின்னவ அப்போதான் தூங்கினா. முதல் நாள் பூரா பால் குடிக்கல. பெரியவ எப்படியும் அழுதுட்டுத்தானே இருக்கா, இன்னொரு குத்து வாங்கினா என்ன ஆயிடப் போகுதுன்னு..."

"யாருக்கு என்ன ஆயிடப் போகுதுன்னு?"

"ஸ்கேன் டாக்டர் சொன்னாருக்கா. ஒரே கருதான் ரெண்டாப் பிரிஞ்சிருக்கு, அச்சு அசல் ஒண்ணுன்னு. ஒரே ரத்தம்தானேன்னு நெனச்சோம்... நெனச்சேன்."

அக்கா அவனை நேராகப் பார்த்தாள். "ஒரு கட்டிடத்துல ரெண்டு லிப்ட் இருக்கு. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாள்ல மாட்டினது. ஒண்ணுல ஏறி இறங்கிப் பாத்துட்டு ரெண்டுக்கும் சரின்னு எழுதிக் குடுத்துடுவியா?"

தம்பி ஹெல்மெட்டின் வாரைத் திருகிக்கொண்டிருந்தான்.

"கேக்கறேன்ல?"

"மாட்டேன்."

"ஏன்?"

"ஒண்ணோட கயிறு அறுந்திருந்தா இன்னொண்ணைப் பாத்து எப்படித் தெரியும்." சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. "நான் படிக்காதவன்கா. மனுஷ உடம்பு மெஷின் இல்லைன்னு நெனச்சிட்டேன்."

"படிச்ச நான் மட்டும் என்னத்தைக் கிழிச்சேன். துண்டை விலக்கிப் பாக்கல."

அவனை அதற்கு மேல் அவள் திட்டவில்லை. திட்டித் தீர்த்துவிட்டால் தன் பங்கும் தீர்ந்துவிடும் போலிருந்தது. அது தீரக் கூடாது.

நர்ஸ் வந்து கூப்பிட்டாள். எல்லோரும் உள்ளே போனார்கள். குழந்தை டாக்டர் சின்ன உருவம், வழுக்கை, பேசுவதற்கு முன் கண்ணாடியைத் துடைக்கும் பழக்கம். துடைத்தார்.

"சுரப்பியை வேலை செய்யச் சொல்லித் தலையிலிருந்து ஒரு உத்தரவு போகும். இவளுக்கு அந்த உத்தரவு ரொம்ப அதிகமா போயிட்டிருக்கு. சுரப்பி பதிலே சொல்லல. கழுத்துல அது பிறவியிலேயே வளரலையா, வேற இடத்துல நின்னுடுச்சான்னு ஸ்கேன்ல பாக்கலாம். அது மெதுவா ஆகட்டும். மாத்திரை இன்னைக்கு, இப்பவே."

தம்பி சுவரில் சாய்ந்தான். டீச்சர் சாயவில்லை. அழவும் இல்லை. வகுப்பில் கணக்குக் கேட்பவள் போல, "நாம எவ்வளவு லேட் டாக்டர்?" என்றாள்.

"உங்க பெரியவளுக்கு ரத்தம் எடுத்த அன்னைக்கே இவளுக்கும் எடுத்திருந்தா, மாத்திரை போன வாரமே உள்ள போயிருக்கும்." டாக்டர் மழுப்பாமல் சொன்னார். "ஆனா இன்னும் ரெண்டு வாரம் தாண்டல. இந்தக் கட்டத்துல ஆரம்பிச்ச குழந்தைங்க பெரும்பாலும் மத்த பிள்ளைங்க மாதிரி ஓடி ஆடி, படிச்சு வளந்துடறாங்க. இவளும் அப்படி வருவாளான்னு கேட்டா இன்னைக்கு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஒழுங்கா மாத்திரை குடுங்க, ஒழுங்கா ரத்தம் பாருங்க. ஒரு நாள் கூட விடக் கூடாது. விட்டா என்கிட்ட மறைக்கக் கூடாது."

கடைசி வார்த்தையில் தம்பியின் தலை குனிந்தது. அவர் எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னார். இந்தக் குடும்பத்தில் அது எங்கே போய்த் தைக்கும் என்று அவருக்குத் தெரியாது.

நர்ஸ் ஒரு ஸ்பூனில் மாத்திரையைப் போட்டு, இன்னொரு ஸ்பூனால் நசுக்கிப் பொடியாக்கினாள். தாய்ப்பால் சில சொட்டு விட்டுக் குழைத்தாள். "பாட்டில்ல கலக்கிடாதீங்க. மிச்சம் வெச்சா மாத்திரையும் மிச்சமாயிடும்" என்றாள். அக்காதான் சமர்த்தின் தாடையைப் பிடித்தாள். தடித்த நாக்கு ஸ்பூனை வெளியே தள்ளப் பார்த்தது. கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். தொண்டை ஏறி இறங்கியது. அவ்வளவுதான். இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் மருந்து ஒரு துணுக்குதான்.

"இனிமே இவ கத்துவாளா?" தம்பி கேட்டான்.

"கொஞ்ச நாள்ல பாருங்க. பெரியவளுக்குப் போட்டியா வருவா" என்றாள் நர்ஸ். தம்பி சிரிக்கப் பார்த்து, முடியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

டாக்டர் கதவருகே நின்று திரும்பினார். "பெரியவளுக்கும் ஒரு தடவை எடுத்துடலாம். ரெண்டும் ஒரே நஞ்சுக்கொடியில இருந்ததுங்க. உள்ள இருக்கும்போது ஒருத்தி ரத்தம் ஒருத்திக்குப் போயிருக்கும். அதனால முதல் சோதனை சில சமயம் ஏமாத்தும். ரெண்டு வாரத்துல மறுபடி பாக்கறதுதான் வழக்கம்."

"மூணாவது குத்தா," என்றான் தம்பி. "பாவம், இவ என்ன பண்ணா."

"கத்துனா. அதான் பண்ணா" என்றாள் அக்கா.

நர்ஸ் அட்டையையும் ஊசியையும் எடுத்துவைத்தாள். "கை காலை ஆட்டுறா. துண்டுல சுத்தி, ஒரு பாதத்தை மட்டும் வெளியே விட்டுக் குடுங்க."

தம்பி துண்டைக் கட்டிலில் விரித்தான். சைரனை நடுவில் படுக்க வைத்தான். ஒரு ஓரத்தை இழுத்தான். கை வெளியே வந்தது. கையை உள்ளே விட்டான். இரண்டு காலும் வெளியே வந்தன. மறுபடி இழுத்தான். துண்டு அவள் கழுத்துப் பக்கம் சுருண்டு ஏறிக்கொண்டது. லிப்டின் கம்பிக் கயிறுகளைக் கண்ணை மூடிக்கொண்டு கோக்கிற விரல்கள், ஒரு துண்டோடு போராடித் தோற்றுக்கொண்டிருந்தன.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முதல் துண்டு அவிழ்ந்து விழுந்தது. இரண்டாவது துண்டு ஒரு மடிப்புக் கலையவில்லை. நடுவில் தம்பி உள்ளறைக்குப் போய்வந்தான். உள்ளறையில் இருந்தது யார்?

நெனச்சோம் என்றான். பிறகுதான் நெனச்சேன் என்று மாற்றினான்.

"தள்ளுங்க" என்றாள் டீச்சர்.

கணவனை விலக்கிவிட்டு நின்றாள். ஒரு நாளில் முப்பது குழந்தைகளுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடும் கைகள். ஒரு மூலையை மடித்து உள்ளே செருகினாள். அடுத்ததைக் குறுக்கே இழுத்தாள். கீழ்நுனியை மேலே ஏற்றி முடித்தாள். பார்சல் கட்டியது போல இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. வலது பாதம் மட்டும் வெளியே.

நர்ஸ் குனிந்து குத்தினாள். சைரன் தன் பெயரைக் காப்பாற்றினாள்.

டீச்சர் இந்தத் தடவை காதைப் பொத்தவில்லை.

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். நாளைக் காலையில் மேடம் கேட்கப் போகும் கேள்விக்கு அக்கா டாக்ஸியிலேயே 'என் தம்பிதான்' என்று ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள். அது இப்போது பொய்யாகிவிட்டது. காதைப் பொத்திய கை நினைவுக்கு வந்தது. 'ரெண்டு பேருக்குமா' என்று கேட்ட குரல் நினைவுக்கு வந்தது. சந்தோஷத்தில் வாயடைத்துப் போனாள் என்றல்லவா நினைத்திருந்தாள்.

அவள் டீச்சரின் பக்கத்தில் போய் நின்றாள். குரலைத் தணித்துத்தான் கேட்டாள்.

"அன்னைக்கும் நீதான் சுத்திக் குடுத்தியா? சமர்த்து அழுகை வேற மாதிரி இருக்குன்னு அப்பவே தெரிஞ்சு, பயந்துதான் மறைச்சியா?"

டீச்சர் கட்டிலின் மறுகோடியைப் பார்த்தாள். அங்கே சமர்த்து, கடைவாயில் மருந்து வெள்ளையாகக் காய்ந்திருக்க, அசையாமல் கிடந்தாள்.

"மெதுவா பேசுங்க அண்ணி," என்றாள் டீச்சர். "அவ தூங்குறா."